அப்டேட் தினமும் பாதில நின்னு பழைய நிலைக்கே போகுது, அப்பாவோட சிஸ்டம், என்னதான் பண்றது?

ஓசூர்_ஷிப்ட்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஓசூர்ல வேலை பாக்குறேன், வீடு காரைக்குடி பக்கம். அப்பா பத்திரம் எழுதுறவர், பகல்ல ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிர்ல உக்காந்திருப்பார், ராத்திரி வீட்டுக்கு வந்து மறுநாளைக்கு வேண்டிய டிராஃப்ட் எல்லாம் வீட்டு சிஸ்டத்துல அடிச்சு வச்சுட்டுத்தான் படுப்பார். அசெம்பிள் பண்ண சிஸ்டம், ஐ3 பத்தாவது ஜென், 8 ஜிபி ராம், காசு மிச்சம் பண்றேன்னு பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கையே நான்தான் போட்டு விட்டேன், விண்டோஸ் 11 ஹோம்.

பிரச்சனை என்னன்னா இப்ப நாலு நாளா காலைல ஆன் பண்ணா நீல ஸ்கிரீன்ல 'அன்டூயிங் சேஞ்சஸ்'னு வந்து சுத்துது, முக்கால் மணி நேரம் கழிச்சுதான் டெஸ்க்டாப் வருது, வந்தப்புறம் எல்லாம் சரியா வேலை செய்யுது, சாயங்காலம் திரும்பவும் அதே அப்டேட் ரெடின்னு ஆரஞ்சு கலர்ல புள்ளி வைக்குது, அப்பாவும் 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' குடுத்துட்டு படுத்துடறார், காலைல மறுபடியும் அன்டூயிங். காலைல அவருக்கு அவசரமா பிரிண்ட் எடுக்கணும், பார்ட்டி வாசல்ல நிப்பாங்க, இது சுத்திக்கிட்டு இருக்கும். எனக்கு போன் போட்டு "என்னடா மிஷின் வாங்கி குடுத்த"ன்னு கேக்குறார்.

அப்டேட்டே கோளாறா? இல்ல ஹார்ட் டிஸ்க் போச்சா? பக்கத்துல இருக்குற கடையில கேட்டா ஃபார்மேட் பண்ணிடலாம் கொண்டாங்கன்னு சொல்றாங்க. டி டிரைவ்ல அப்பாவோட பதினஞ்சு வருஷ பத்திரம் இருக்கு, அதை நினைச்சாதான் வயித்த கலக்குது. கரண்ட் அடிக்கடி போற ஊரு, வீட்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கு, சிஸ்டத்துக்குன்னு தனி யுபிஎஸ் இல்ல.

பழையமவுஸ்:
தம்பி முதல்ல ஃபார்மேட் பேச்சை விடுங்க, எதுக்கெடுத்தாலும் ஃபார்மேட்டுன்னா நாங்கல்லாம் எதுக்கு கடை வச்சிருக்கோம். அன்டூயிங் வருதுன்னா அது நல்ல விஷயம்தான், பாதில நின்னுபோன அப்டேட்டை முடிக்க முடியாம, இருந்த நிலைக்கே திருப்பி வைக்குதுன்னு அர்த்தம். விண்டோஸ் ஃபைல்களைத்தான் தொடும், உங்க அப்பா அடிச்ச பத்திரத்தை தொடாது. ஆனாலும் இன்னைக்கே டி டிரைவை ஒரு எக்ஸ்டர்னல்ல காப்பி எடுத்து வச்சுட்டு மீதிய பேசுங்க, பதினஞ்சு வருஷத்த ஒரே பழைய டிஸ்க்ல வச்சுட்டு எப்படிய்யா தூக்கம் வருது உங்களுக்கு.

கேள்வி ரெண்டு. ராத்திரி ஷட் டவுன் குடுத்தப்புறம் சுவத்துல இருக்குற போர்டு சுவிட்சை யாராச்சும் ஆஃப் பண்றாங்களா? பண்ணா எப்ப? அப்புறம் ஈவென்ட் வியூவர்னு தேடி திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம், அதுல 41ன்னு நம்பர் போட்டு கெர்னல் பவர்னு சிவப்பா ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க. கரண்ட் திடீர்னு போய் ஆஃப் ஆகியிருந்தா அடுத்த தடவை ஆன் ஆகும்போது அதை அங்க எழுதி வைக்கும்.

கடைசிபெஞ்ச்:
ப்ரோ இதுக்கு ஏன் இவ்ளோ. சர்வீசஸ் போய் விண்டோஸ் அப்டேட்டை டிசேபிள் பண்ணி விடுங்க. நான் அப்படி பண்ணி மூணு வருஷம் ஆச்சு, ஒரு தொந்தரவும் இல்ல. அப்டேட் போட்டவன்தான் அழறான், 2024ல ஏர்போர்ட் எல்லாம் நீல ஸ்கிரீன் ஆச்சே மறந்துட்டீங்களா.

ஓசூர்_ஷிப்ட்:
@பழையமவுஸ் அண்ணே, தங்கச்சிக்கிட்ட சொல்லி பாக்க சொன்னேன். 41 இருக்கு, நாலு நாள், நாலும் காலைல ஆன் பண்ண நேரம். போர்டு சுவிட்ச் அப்பா தினமும் ஆஃப் பண்ணுவார், அது எங்க வீட்டு வழக்கம், டிவி, சிஸ்டம், மிக்ஸி எல்லாமே போர்டுல ஆஃப் பண்ணிட்டுத்தான் படுப்போம், இடி இடிச்சு ஒரு டிவி போன வீடு இது. ஆனா அப்பா சத்தியம் பண்றார், ஸ்கிரீன் முழுசா கறுப்பாகி "சிக்னல் இல்ல"ன்னு வந்தப்புறம்தான் ஆஃப் பண்ணேன்னு. அவசரப்பட்டு ஆஃப் பண்ற ஆளும் இல்ல அவர்.

பழையமவுஸ்:
உங்க அப்பா பொய் சொல்லல, ஸ்கிரீன்தான் அவரை ஏமாத்துது. என் கஸ்டமர்ல பாதி பேர் இதுல விழுந்தவங்கதான்.

மாசாந்திர அப்டேட் ஒரே மூச்சுல முடியாது. டவுன்லோடு ஆகி ஃபைல்களை தயார் பண்ணி வைக்கிறது நீங்க வேலை பாக்கும்போதே பின்னாடி நடக்கும். ஷட் டவுன் குடுத்ததும் 'ஒர்க்கிங் ஆன் அப்டேட்ஸ்'னு பர்சென்ட் ஓடும், அது முதல் பாதி. நடுவுல சிஸ்டம் தானா ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆகும், அப்ப ஸ்கிரீன் கறுப்பாகும், நோ சிக்னல் வரும், எல்லாரும் முடிஞ்சிருச்சுன்னு நினைப்பாங்க. முடியல. திரும்ப ஆன் ஆகி மீதி பாதிய செஞ்சு, அதுக்கப்புறம்தான் உண்மையா அணையும். ஹார்ட் டிஸ்க் வேற, எஸ்எஸ்டின்னு வேகமான டிஸ்க் இருக்கு, அதுல பத்து நிமிஷத்துல போற வேலை இதுல அரை மணி நேரம் இழுக்கும்.

அந்த கறுப்பான ஒரு சில நொடில போர்டை ஆஃப் பண்ணா பெருசா ஒன்னும் ஆகாது, காலைல விட்ட இடத்துல இருந்து தொடரும். ஆனா உங்களுக்கு 41 விழுது, அப்படின்னா விண்டோஸ் திரும்ப எழுந்து வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான் கரண்ட் போயிருக்கு. நடுவுல அப்பா வேற ஏதோ பண்றார். இன்னைக்கு ராத்திரி தங்கச்சியை ஒன்னும் பேசாம பக்கத்துல உக்காந்து பாக்க சொல்லுங்க. ஸ்கிரீன் கறுப்பானதுல இருந்து சுவிட்ச் ஆஃப் ஆகுற வரைக்கும் என்ன நடக்குதுன்னு மட்டும் பாத்து சொன்னா போதும்.

@கடைசிபெஞ்ச் அது விண்டோஸ் அப்டேட்டே இல்ல தம்பி, 2024 ஜூலை 19ல நடந்தது ஒரு பாதுகாப்பு சாஃப்ட்வேர் அனுப்புன ஃபைல் பண்ண வேலை, வீட்டு சிஸ்டத்துல அந்த சாஃப்ட்வேரே இருக்காது. அப்டேட் போடாதவன் அழுத கதைய நான் சொல்றேன், 2017 மே 12, வான்னாக்ரைன்னு ஃபைலை பூட்டி காசு கேக்குற வைரஸ். அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கிற அப்டேட் மார்ச் 14லயே வந்துருச்சு, ரெண்டு மாசம் போடாம இருந்தவங்க ஃபைல் எல்லாம் பூட்டிக்கிச்சு, இங்கிலாந்துல ஆஸ்பத்திரில ஆபரேஷனே தள்ளி வச்சாங்க. பத்திரம் எழுதுறவர் சிஸ்டத்துல ஊர்ப்பட்ட பேரோட ஆதார் ஸ்கேன் கிடக்கும், அதுல போய் அப்டேட்டை நிறுத்துன்னு சொல்றீங்களே.

கடைசிபெஞ்ச்:
சரி சரி அண்ணே, என் சிஸ்டத்துல கேம் மட்டும்தான் இருக்கு, திருடுறவன் என்னத்த திருடுவான் 😄 ஆனா ஒன்னு, நிறுத்தாம எப்படி சமாளிக்கிறது? நான் கேம் ஆடும்போது கரெக்டா வந்து நெட்டை உறிஞ்சுதே.

நெட்சென்டர்_அக்கா:
இதுக்கு நான் சொல்றேன். சின்ன ஊர்ல ப்ரௌசிங் சென்டர் வச்சிருக்கேன், ஆறு சிஸ்டம், ரிசல்ட் வர்ற அன்னைக்கு ஒரு சிஸ்டம் அப்டேட்ல நின்னாலும் வெளில வரிசையில நிக்கிற பிள்ளைங்க என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடும். அதனால நான் அப்டேட்டை என் இஷ்டத்துக்கு வர வச்சிருக்கேன், அது இஷ்டத்துக்கு விடுறது இல்ல.

ஒவ்வொரு மாசமும் ரெண்டாவது செவ்வாய்க்கிழமைதான் பெரிய அப்டேட் விடுவாங்க, அமெரிக்காவுல காலை 10 மணி, நமக்கு ராத்திரி பத்தரை இல்லன்னா பதினொன்றரை ஆகிடும், அங்க கடிகாரத்தை மாத்துற சீசனை பொறுத்து. அதனால நம்ம ஊர்ல புதன்கிழமை காலைலதான் எல்லாருக்கும் தலைவலி ஆரம்பிக்கும். நான் அந்த திங்கள்கிழமையே செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் போய் பாஸ், அதாவது நிறுத்தி வைக்கிறது, ஒரு வாரம் குடுத்துடுவேன். ஒரு தடவைக்கு அதிகபட்சம் அஞ்சு வாரம் வரை தள்ளி வைக்கலாம். ஒரு வாரத்துக்குள்ள அதுல ஏதாச்சும் கோளாறு இருந்தா ஊரே பேசிடும். யாரும் பேசலைன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல, கரண்ட் இருக்கான்னு பாத்துட்டு, ஒன்னு ஒன்னா ரெஸ்யூம் குடுத்து ரீஸ்டார்ட் பண்ணிட்டு பக்கத்துலயே உக்காந்து பூ கட்டுவேன். ராத்திரி போட்டுட்டு போற வேலையே கிடையாது. ரீஸ்டார்ட்டுதான் குடுப்பேன், அப்டேட் அண்ட் ஷட் டவுன் குடுக்க மாட்டேன், டெஸ்க்டாப் வந்து நின்னுச்சுன்னாதான் முடிஞ்சதுன்னு கண்ணால பாத்த மாதிரி. அந்த அப்டேட் அண்ட் ஷட் டவுன்லயே ஒரு கோளாறு ரொம்ப நாளா இருந்துச்சு, அணையாம திரும்ப ஆன் ஆகி லாகின் ஸ்கிரீன்லயே விடிய விடிய நிக்கும், 2025 கடைசியிலதான் அதை சரி பண்ணாங்க.

ஆக்டிவ் ஹவர்ஸ்னு ஒன்னு இருக்கு, அந்த நேரத்துல தானா ரீஸ்டார்ட் ஆகாது, 18 மணி நேரம் வரைக்கும் வச்சுக்கலாம். அப்பாவுக்கு காலைல 6ல இருந்து ராத்திரி 11 வரைக்கும் போடுங்க. கேம் ஆடுற தம்பிக்கு, ஒய்ஃபைல மீட்டர்டு கனெக்ஷன் ஆன் பண்ணா பெரிய டவுன்லோடு எதுவும் தானா இறங்காது. ஆன் பண்ணிட்டு அதை மறந்துடாதீங்க, எங்க அண்ணன் மகன் அப்படி விட்டு எட்டு மாசம் ஒன்னுமே இறங்காம கிடந்துச்சு.

அவசரமா அணைக்கணும்னா பவர் மெனுல அப்டேட் அண்ட் ஷட் டவுனுக்கு பக்கத்துலயே வெறும் ஷட் டவுனும் இருக்கும், அதை குடுத்தா அப்டேட் இன்னொரு நாளைக்கு காத்திருக்கும். அப்பாக்கிட்ட முதல்ல அதை சொல்லுங்க, தினமும் ராத்திரி அதை மட்டும் தொடட்டும்.

ஓசூர்_ஷிப்ட்:
அக்கா நன்றி. பழையமவுஸ் அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே தங்கச்சியை உக்கார வச்சேன். கேளுங்க கூத்தை. ஸ்கிரீன் கறுப்பாச்சு. அப்பா உடனே மானிட்டர் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணிட்டார், கரண்ட் மிச்சமாம். சிபியு டேபிளுக்கு அடியில கதவு வச்ச அறைக்குள்ள இருக்கு, லைட் வெளில தெரியாது. எந்திரிச்சு போய் கேட்டை பூட்டுறார், மோட்டாரை பாக்குறார், மாத்திரை போடுறார், அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்பி வந்து போர்டை ஆஃப் பண்றார். அந்த அஞ்சு நிமிஷமும் உள்ள ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சுன்னு தங்கச்சி சொல்றா. அவ "அப்பா ஓடுதுப்பா"ன்னு சொன்னா, "இல்லம்மா மவுஸ் லைட் எரியுது அவ்ளோதான், அது எப்பவும் எரியும்"ங்கிறார்.

பழையமவுஸ்:
ஹா ஹா மானிட்டர் பட்டன்! அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். மவுஸ் லைட் விஷயத்துல மட்டும் அப்பா சொல்றது பாதி சரி. நிறைய மதர்போர்டுல சிஸ்டம் அணைஞ்சாலும் யுஎஸ்பிக்கு ஸ்டாண்ட்பை கரண்ட் போய்க்கிட்டே இருக்கும், மவுஸ் சிவப்பா எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அதை பாத்து பழகினதால சிபியு ஓடும்போதும் அவருக்கு சந்தேகமே வரல. மவுஸை நம்பாதீங்க, மானிட்டரை நம்பாதீங்க, கேபினெட் முன்னாடி இருக்குற பவர் லைட்டையும் ஃபேன் சத்தத்தையும் மட்டும் நம்புங்க. சிபியுவை அந்த மூடுன அறைல இருந்து வெளில எடுத்து வைங்க, சூட்டுக்கும் நல்லது.

முழுசா அணைஞ்சப்புறம் போர்டை ஆஃப் பண்றது தப்பே இல்ல, இடி மின்னல் ஊர்ல நல்ல பழக்கம்தான். என்ன, கடிகாரத்தை ஓட்டுற அந்த சின்ன வட்ட பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், தேதி தப்பா காட்ட ஆரம்பிச்சா அதை மாத்திடுங்க, அவ்ளோதான்.

இன்னொன்னு, நீங்க தினமும் குடுக்குற ஷட் டவுன் உண்மையில முழு ஷட் டவுன் இல்ல. விண்டோஸ் 8 காலத்துல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒன்னு வந்துருச்சு, உங்க புரோகிராம் எல்லாத்தையும் மூடிட்டு விண்டோஸோட உள் பகுதிய மட்டும் அப்படியே டிஸ்க்ல எழுதி வச்சுட்டு படுத்துக்கும், காலைல அதை எடுத்து விரிச்சுக்கும். டாஸ்க் மேனேஜர்ல அப் டைம் பாருங்க, தினமும் அணைக்கிற சிஸ்டம்கூட பன்னெண்டு நாளா ஓடுதுன்னு காட்டும். ரீஸ்டார்ட் குடுத்தா மட்டும்தான் புதுசா ஆரம்பிக்கும், அதான் அக்கா ரீஸ்டார்ட்னு சொன்னது சரி. ஷிஃப்டை பிடிச்சுக்கிட்டு ஷட் டவுன் குடுத்தாலும் முழுசா அணையும். ஹார்ட் டிஸ்க் சிஸ்டம்னா ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கட்டும், எஸ்எஸ்டி போட்டப்புறம் அதை எடுத்துடலாம், வித்தியாசமே தெரியாது.

நாலு தடவை பாதில அறுந்திருக்கு, அதனால உள்ள ஏதாச்சும் கெட்டிருக்கான்னு பாத்துடுறது நல்லது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினா திறந்து முதல்ல டிஐஎஸ்எம் ரெஸ்டோர் ஹெல்த், அது முடிஞ்சப்புறம் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். இந்த வரிசையிலதான், ஏன்னா ரெண்டாவது கமாண்ட் நல்ல ஃபைலை எடுக்குற இடத்தை முதல் கமாண்ட்தான் சரி பண்ணி குடுக்கும். முழு கமாண்டையும் தங்கச்சிக்கு வாட்சப்ல அனுப்பி காப்பி பண்ண சொல்லுங்க, போன்ல ஸ்லாஷ் ஸ்லாஷ்னு சொல்லி குடுக்காதீங்க, பட்டிருக்கேன்.

திருப்பூர்_யுபிஎஸ்:
வணக்கமுங்க, நானும் ரெண்டு வார்த்தை சொல்லிக்கிறனுங்க. அப்பா சுவிட்ச் கதை சரி பண்ணிடுவீங்க, ஆனா கரண்ட் போறத யார் சரி பண்ணுவா. வீட்டுக்கு இன்வெர்ட்டர் இருக்குன்னீங்க. அதுல யுபிஎஸ் மோட், எக்கோ மோட்னு ஒரு சுவிட்ச் இருக்கானு பாருங்க, நிறைய மாடல்ல பின்னாடி இருக்கும். எக்கோவுல வச்சிருந்தா கரண்ட் போய் பேட்டரிக்கு மாற கொஞ்சம் நேரம் எடுக்கும், ஃபேன் லைட்டுக்கு தெரியாது, கம்ப்யூட்டருக்கு தெரிஞ்சுரும். சிஸ்டத்துக்குள்ள கரண்ட் பிரிச்சு குடுக்குற எஸ்எம்பிஎஸ் பெட்டி ஃபுல் லோடுல சுமாரா 16, 17 மில்லி செகண்ட்தான் மூச்சு பிடிக்குமுங்க, அதுக்குள்ள மாறலைன்னா ரீஸ்டார்ட்தான். சிலர் என்னங்க இன்வெர்ட்டர் இருந்தும் சிஸ்டம் அணையுதுன்னு எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திக்கிட்டே இருப்பாங்க, சுவிட்சை தள்ளி விட்டா போதும். சிஸ்டம் சொருகுற பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைன்லதான் இருக்கானும் பாத்துக்கோங்க, 15 ஆம்ப்ஸ் பாயின்ட்டை பெரும்பாலும் அதுல குடுத்திருக்க மாட்டாங்க.

என்னை கேட்டா தனியா ஒரு 600 விஏ யுபிஎஸ் போட்டுருங்க, அதுல சிபியு, மானிட்டர், வைஃபை ரூட்டர் மட்டும். லேசர் பிரிண்டரை அதுல சொருகவே சொருகாதீங்க, சூடாகும்போது ஒரே இழுப்புல இழுக்கும், யுபிஎஸ் அலறி விழுந்துரும். பத்து பதினஞ்சு நிமிஷம் நிக்கும், வேலைய சேவ் பண்ணி அணைக்க அது போதும். ஆனா அந்த பதினஞ்சு நிமிஷத்துல அப்டேட் ஆரம்பிச்சுராதீங்க. உள்ள இருக்குறது 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி, ரெண்டு மூணு வருஷத்துல போயிரும், யுபிஎஸ் கெட்டுப்போச்சுன்னு தூக்கி போடுறவங்க நெறைய பேரு, பேட்டரி மட்டும் மாத்துனா ஓடும். மாசம் ஒருக்கா, முக்கியமா எதுவும் திறந்து வைக்காத நேரத்துல, யுபிஎஸ் பிளக்கை போர்டுல ஆஃப் பண்ணி எத்தனை நிமிஷம் நிக்குதுன்னு பாருங்க. யுஎஸ்பி கேபிள் வர்ற மாடல்னா சிஸ்டத்துல சொருகிட்டா, பேட்டரி குறைஞ்சதும் லேப்டாப் மாதிரி தானா அணைச்சுக்க வைக்கலாம். சின்ன மாடல் பலதுல அந்த கேபிள் இருக்காது, வாங்கும்போது பின்னாடி திருப்பி பாத்து வாங்குங்க.

உபுண்டு_பித்தன்:
இதுக்குத்தான் சொல்றது லினக்ஸ் போடுங்கன்னு...

பழையமவுஸ்:
வந்துட்டார்யா. லினக்ஸ்ல ஆப்ட் அப்கிரேட்னு அதோட அப்டேட் ஓடும்போது போர்டை ஆஃப் பண்ணி பாருங்க, அப்புறம் அதை சரி பண்ண டிபிகேஜி கான்ஃபிகர்னு கமாண்ட் உக்காந்து அடிக்க வேண்டியதுதான். அப்பா சுவிட்சுக்கு எல்லா ஓஎஸ்ஸும் ஒன்னுதான் தலைவரே.

உபுண்டு_பித்தன்:
அதுவும் சரிதான். ஆனா அணைக்கும்போது நடுராத்திரி உக்கார வைக்காதுல்ல, வேலை பாக்கும்போதே போட்டு முடிச்சுரும். இருந்தாலும் பத்திர ஃபான்ட் பிரச்சனை எல்லாம் யோசிச்சா அவருக்கு விண்டோஸே இருக்கட்டும், ஒத்துக்கிறேன்.

தேங்காய்பட்டணம்:
இடையில கேக்குறதுக்கு மன்னிக்கணும் மக்களே, என்கிட்ட இருக்கது விண்டோஸ் 10, 35 பர்சென்ட்ல ரெண்டு மணி நேரமா நிக்கி. ஆஃப் பண்ணலாமா?

பழையமவுஸ்:
டிஸ்க் லைட் மின்னுதா பாருங்க. மின்னுனா இன்னும் ஒரு மணி நேரம் விடுங்க, டீ குடிச்சுட்டு வாங்க. லைட் செத்த மாதிரி ரெண்டு மணி நேரமா அசைவே இல்லன்னா வேற வழி இல்ல, பவர் பட்டனை அணையிற வரைக்கும் அமுக்கி பிடிச்சு ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க, பெரும்பாலும் அதுவா பழைய நிலைக்கு திரும்பிரும். திரும்பலைன்னா பூட் ஆகும்போது ரெண்டு மூணு தடவை நிறுத்துனா ரிப்பேர் மெனுக்கு போகும், அதுல அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்னு இருக்கு. டிஸ்க்கை பூட்டி வைக்கிற பிட்லாக்கர் போட்டிருந்தா 48 இலக்க கீ கேக்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும், அதை இப்பவே போன்ல திறந்து பாத்து எழுதி வைங்க. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு, நீட்டிப்புக்கு சேர்ந்தா மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும்னு சொல்லியிருந்தாங்க. மீதிக்கு தனியா ஒரு கேள்வி போடுங்க, இது ஓசூர் தம்பி அப்பாவோட பஞ்சாயத்து.

தேங்காய்பட்டணம்:
லைட் மின்னுகு அண்ணே. காத்திருக்கேன்.

ஓசூர்_ஷிப்ட்:
அப்டேட் முழுசா ஏறி முடிஞ்சிருச்சு!! ஞாயித்துக்கிழமை நானே ஊருக்கு வந்துட்டேன். டி டிரைவை எக்ஸ்டர்னல்ல காப்பி எடுத்தேன், டிஐஎஸ்எம் ஓட்டுனேன், அது 62ல ரொம்ப நேரம் நின்னு என்னை பயமுறுத்திட்டு அப்புறம் போச்சு, எஸ்எஃப்சி ஏதோ சில ஃபைலை சரி பண்ணேன்னு சொல்லுச்சு. அப்புறம் அக்கா சொன்ன மாதிரி ரீஸ்டார்ட் குடுத்துட்டு அப்பாவையும் பக்கத்துல உக்கார வச்சேன், மானிட்டர் பட்டனை தொடக்கூடாதுன்னு கையை பிடிச்சுக்கிட்டேன். கறுப்பாச்சு. "பாத்தியா முடிஞ்சிருச்சு"ன்னார். லோகோ வந்துச்சு, பர்சென்ட் திரும்ப ஓடுச்சு. அப்பா ஒன்னும் பேசல, கண்ணாடிய கழட்டி துடைச்சுக்கிட்டார். மொத்தம் 38 நிமிஷம். இன்வெர்ட்டர் எக்கோ மோட்லதான் இருந்துச்சு திருப்பூர் அண்ணே, மாத்திட்டேன். எஸ்எஸ்டி அடுத்த மாச சம்பளத்துல.

சிபியுவை மேல எடுத்து வச்சேன். சாயங்காலம் பாத்தா அதுமேல ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கு, அப்பா கையெழுத்து: "மேற்படி கம்ப்யூட்டரின் முன்பக்க விளக்கு முற்றிலும் அணைந்த பின்னரே சுவர் சுவிட்சை அணைக்க வேண்டியது. மானிட்டர் அணைந்ததைக் கொண்டு மேற்படி கம்ப்யூட்டர் அணைந்ததாகக் கொள்ளக் கூடாது. இதில் வாரிசுகளுக்கும் யாதொரு ஆட்சேபனையும் இல்லை."

நெட்சென்டர்_அக்கா:
சாட்சி கையெழுத்து ரெண்டு பேர் போடணுமே, யார் போட்டா?

ஓசூர்_ஷிப்ட்:
தங்கச்சி போட்டுட்டா அக்கா. ரெண்டாவது சாட்சிக்கு இடம் காலியா விட்டிருக்கார், பழையமவுஸ் அண்ணன் ஊர்ப்பக்கம் வந்தா போடட்டுமாம்.